ஒரு தொற்றுநோயை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஓடவிட்டுப் பார்ப்பது எப்படி

தொற்றுநோய் மாடல் என்றதும் பெரிய கம்ப்யூட்டர், பெரிய கணக்கு, நமக்கு எட்டாத சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் நிறைய. அதன் மையக் கணக்கு வெறும் பெருக்கலும் கழித்தலும்தான். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் ஒரு மாலை நேரமும் இருந்தால் போதும், நீங்களே ஒன்றைக் கட்டி ஓடவிடலாம். கட்டாயம் ஒருமுறை கட்டிப் பார்க்க வேண்டும் என்றே சொல்வேன், ஏனென்றால் "உச்சம் அடுத்த மாதம்", "இத்தனை லட்சம் பேருக்கு வரும்" என்று யாராவது சொல்லும்போது அந்த எண் எந்த அனுமானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கத் தெரிய வேண்டும், அந்தக் கேள்வி அனுமானத்தைக் கையால் எழுதிப் பார்த்தவருக்குத்தான் சட்டென்று வரும்.

புதுத் தாளில் நாள், மீதி, நோய், விலகல் என்று நான்கு பத்திகள் போடுங்கள். மீதி என்றால் இன்னும் தொற்று படாதவர்கள், பட்டால் வரக்கூடியவர்கள். நோய் என்றால் இப்போது பிறருக்குத் தொற்றவைக்கும் நிலையில் இருப்பவர்கள். விலகல் என்றால் குணமாகி எதிர்ப்பு சக்தி பெற்றவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து. இரு தரப்பும் இனி யாருக்கும் தொற்றவைக்கப் போவதில்லை என்பதால் கணக்குக்கு ஒன்றுதான். ஆனால் எனக்கு அது எப்போதும் உறுத்தும். அதனால் இறப்பைத் தனிப் பத்தியாகப் பிரித்து வைத்துக்கொள்வேன். கணக்கு ஒன்றும் மாறாது, எதை எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் கண் முன்னால் இருக்கும்.

தாளின் மேலே தனிச் செல்களில் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று பீட்டா: சுற்றி இருக்கும் எல்லாருமே தொற்றக்கூடியவர்கள் என்றால் ஒரு நோயாளி ஒரு நாளில் எத்தனை பேருக்குத் தொற்றவைப்பார் என்பது. இன்னொன்று காமா: நோயில் இருப்பவர்களில் ஒரு நாளில் எவ்வளவு பங்கு விலகுகிறார்கள் என்பது. ஒருவர் சராசரியாக 4 நாள் தொற்றவைப்பார் என்றால் காமா 1÷4, அதாவது 0.25. இந்த இரண்டையும் ஃபார்முலாவுக்குள் நேரடியாக எண்ணாகத் தட்டிவிடாதீர்கள், செல்லைச் சுட்டுங்கள். பின்னால் இவற்றை மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான் பாடமே இருக்கிறது.

ஒரு நாளின் புதுத் தொற்று = பீட்டா × மீதி × நோய் ÷ மொத்த மக்கள். ஒரு நாளின் புது விலகல் = காமா × நோய். நாளைய மீதி என்பது இன்றைய மீதியில் புதுத் தொற்று போக மிச்சம். நாளைய நோய் என்பது இன்றைய நோயோடு புதுத் தொற்றைக் கூட்டி விலகலைக் கழித்தது. அவ்வளவுதான். 1927ல் கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்ற இருவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த இந்த அமைப்பை எஸ்.ஐ.ஆர் மாடல் என்கிறார்கள். (கெர்மாக் அதற்கு 3 ஆண்டு முன்பே ஓர் ஆய்வக விபத்தில் இரண்டு கண்ணும் இழந்தவர். இந்தக் கணக்குகளை மனதுக்குள்ளேயே ஓட்டியிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பாக இருக்கும்.)

கையாலேயே மூன்று வரி போட்டுப் பார்ப்போம். மொத்தம் 1,000 பேர், மீதி 990, நோய் 10, விலகல் 0. பீட்டா 0.5, காமா 0.25. இந்தத் தொடக்க வரி 0ஆம் நாள். அன்றைய புதுத் தொற்று 0.5 × 990 × 10 ÷ 1000 = 4.95. விலகல் 2.5. ஆக மறுநாள் மீதி 985.05, நோய் 12.45, விலகல் 2.5. அதற்கடுத்த நாள் புதுத் தொற்று 6.13, விலகல் 3.11, நோய் 15.47. அதற்கடுத்து 19.17. அரை ஆள், கால் ஆள் எப்படி என்று கேட்காதீர்கள், இது சராசரிக் கணக்கு. முழு ஆட்களாக ஓடவிடும் முறைக்குப் பின்னால் வருகிறேன். ஒவ்வொரு வரியிலும் மூன்று பத்தியையும் கூட்டினால் 1,000 வருகிறதா என்று பார்க்க ஒரு பத்தி வையுங்கள். வரவில்லை என்றால் எங்கோ ஒருவரைத் தொலைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பெரும்பாலும் ஃபார்முலாவை இழுக்கும்போது செல்லை நகராமல் பிடித்துவைக்கும் டாலர் குறி எங்கோ விட்டுப்போயிருக்கும்.

இப்போது ஃபார்முலாவை 100 வரிக்கு இழுத்துவிட்டு வரைபடம் போடுங்கள். நோய்ப் பத்தி ஏறி, 19ஆம் நாள் 168 பேரைத் தொட்டு, இறங்கும். புதுத் தொற்றுப் பத்தியைப் பார்த்தால் அதன் உச்சம் அதற்கு முன்பே, 15, 16ஆம் நாள் வாக்கில், நாளுக்கு 47 பேர் என்று வந்துபோயிருக்கும். ஒரே நோய்க்கு இரண்டு உச்சம். "உச்சம் தாண்டிவிட்டோம்" என்று ஒருவரும் "இன்னும் படுக்கை நிரம்பிக்கொண்டே இருக்கிறது" என்று இன்னொருவரும் ஒரே நாளில் சொல்லி, இருவருமே சரியாக இருக்கலாம். கடைசியில் சுமார் 185 பேர் நோயே படாமல் தப்பியிருப்பார்கள்.

ஏன் இறங்கியது என்று பாருங்கள், முக்கியமான இடம் இது. கிருமி பலவீனமாகவில்லை, யாரும் எதுவும் செய்யவில்லை, பீட்டா கடைசிவரை 0.5தான். நோய்ப் பத்தி திரும்பும் வரியில் மீதியைப் பார்த்தால் அது அப்போதுதான் 500க்குக் கீழே போயிருக்கும். பீட்டாவைக் காமாவால் வகுத்தால் 2. இதுதான் ஆர் நாட் என்று எல்லாரும் பேசும் எண்: எல்லாரும் தொற்றக்கூடியவர்களாக இருக்கும் கூட்டத்தில் ஒரு நோயாளி தன் காலம் முழுக்க சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றவைப்பார். மீதி பாதியாகும்போது அந்த 2 என்பது 1 ஆகிவிடுகிறது, அதன் பிறகு ஒவ்வொருவரும் தன் இடத்துக்கு ஒருவரைக்கூட முழுதாக வைத்துவிட்டுப் போவதில்லை. ஆனால் அந்தத் தருணத்தில் 168 பேர் நோயில் இருக்கிறார்கள், அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், அதனால்தான் பாதியில் நிற்காமல் 815 பேர் வரை போய்விட்டது.

படி பெரிதாக இருந்தால் கணக்கு பொய் சொல்லும்

மேலே போட்டது ஒரு நாளுக்கு ஒரு வரி. நோய் மெதுவாகப் பரவும்போது அது பரவாயில்லை, வேகமாகப் பரவினால் பெரிய பிழை வரும். ஒரு நாளுக்குள் புதிதாக நோய் வந்தவர் அதே நாளில் இன்னொருவருக்குக் கொடுப்பதை இந்தத் தாள் கணக்கில் எடுக்காது. நமது உதாரணத்திலேயே படியை நன்றாகச் சிறிதாக்கினால் உச்சம் 168லிருந்து 158க்கு இறங்கும், தப்புகிறவர்கள் 185லிருந்து 200 ஆவார்கள். பீட்டா 1.66, காமா 0.45 என்று ஒரு வேகமான நோயை எடுத்தால் நாள் படியில் நோய் தினமும் 2.2 மடங்காகும், உண்மையான தொடர் கணக்கில் 3.35 மடங்காக வேண்டும். 0.1 நாள் படி வைத்தால் 3.1 வரும், அது போதும். செய்முறை எளிது: படி என்று ஒரு செல் வைத்து, புதுத் தொற்றையும் விலகலையும் அதால் பெருக்கிவிடுங்கள். அப்புறம் படியைப் பாதியாக்கிப் பார்த்து விடை பெரிதாக மாறவில்லை என்றால் மட்டும் மேலே போங்கள்.

அடைகாலப் பத்தியைச் சேர்த்தால் என்ன ஆகும்

பல நோய்களில் தொற்று பட்டதும் உடனே பிறருக்குக் கொடுக்க மாட்டார்கள், சில நாள் உள்ளே ஊறும். அதற்கு மீதிக்கும் நோய்க்கும் நடுவே இன்னொரு பத்தி, 'உள்ளே' என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தொற்று முதலில் அதில் விழும், சராசரி 3 நாள் ஊறல் என்றால் தினம் மூன்றில் ஒரு பங்கு நோய்க்கு நகரும்.

இது ஏதோ அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நிஜத்தில் நமக்கு ஆர் நாட் தெரிவதில்லை, தினசரி எண்ணிக்கை ஏறும் வேகம்தான் தெரியும். நோய் நாளுக்கு 0.25 என்ற வீதத்தில், அதாவது 0.69 (2ன் இயல் மடக்கை) ÷ 0.25 என்ற கணக்கில் ஏறக்குறைய 2.8 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊறல் காலம் இல்லை என்றால் ஆர் நாட் = 1 + 0.25 × 4 = 2. ஊறல் 3 நாள் என்றால் அதை (1 + 0.25 × 3) ஆல் பெருக்க வேண்டும்: 3.5. ஒரே தரவு, ஒரே இரட்டிப்பு வேகம், ஆனால் பரவலை நிறுத்தப் பாதிப் பேருக்கு எதிர்ப்பு சக்தி போதும் என்பது 71 சதவீதம் வேண்டும் என்று மாறிவிடுகிறது. யாராவது ஆர் நாட் ஒன்றைச் சொன்னால் ஊறல் காலமும் தொற்றும் காலமும் எவ்வளவு என்று வைத்தீர்கள் என்று கேளுங்கள். அது இல்லாமல் அந்த எண்ணுக்குப் பாதி அர்த்தம்தான்.

நிஜத் தரவில் பொருத்திப் பார்ப்பது

பழகுவதற்கு என்னைக் கேட்டால் ஒரே ஒரு தரவைத்தான் சொல்வேன். 1978 ஜனவரியில் இங்கிலாந்தில் ஓர் ஆண்கள் உறைவிடப் பள்ளியில் இன்ஃப்ளுயன்சா பரவியது. மொத்தம் 763 மாணவர்கள். தினமும் படுக்கையில் இருந்தவர்கள் எண்ணிக்கை அந்த ஆண்டு மார்ச்சில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது: 3, 8, 26, 76, 225, 298, 258, 233, 189, 128, 68, 29, 14, 4. பதினான்கே எண்கள். மூடிய இடம், எல்லாரும் எல்லாரோடும் கலக்கிறார்கள், நமது தாள் கேட்கிற எல்லா நிபந்தனையும் இருக்கிறது.

முதலில் கண்ணாலேயே பாருங்கள். 3, 8, 26, 76, 225: தினம் ஏறக்குறைய மூன்று மடங்கு. 3ன் இயல் மடக்கை 1.1, ஆக வளர்ச்சி வீதம் நாளுக்கு 1.1. பீட்டாவிலிருந்து காமாவைக் கழித்தால் இது வர வேண்டும். ஒரு பையன் சராசரியாக 2.2 நாள் தொற்றவைத்தான் என்று எடுத்தால் காமா 0.45, பீட்டா 1.55 பக்கம். இந்த எண்களைத் தொடக்கமாக வைத்து, முதல் நாள் நோய் 3, மீதி 760, படி 0.1 என்று ஓடவிட்டு, ஒவ்வொரு நாளும் மாடல் சொல்வதற்கும் தரவுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டி ஒரு செல்லில் வையுங்கள். அந்தச் செல் சிறிதாகும் வரை பீட்டாவையும் காமாவையும் கையால் நகர்த்துங்கள். எக்செலில் இருக்கும் சால்வர் என்ற கருவியிடம் கொடுத்தால் ஒரு நொடியில் முடியும், ஆனால் முதல் தடவை கையால் செய்யுங்கள், எந்த எண்ணை அசைத்தால் வளைகோட்டின் எந்தப் பக்கம் அசைகிறது என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். பீட்டா 1.66, காமா 0.45க்கு அருகில் வந்து நிற்பீர்கள். ஆர் நாட் சுமார் 3.7. உச்சம் 290 பக்கம் வரும், தரவில் 298. வரைபடத்தைப் பார்த்தால் மனதுக்கு நிறைவாக இருக்கும்.

அந்த நிறைவோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் இதற்கு அடுத்த வரியில்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆர் நாட் 3.7க்கு அருகில் இருந்தால் மாடல் கடைசியில் 97 சதவீதம் பேருக்கு, 740 மாணவர்களுக்கு, நோய் வந்திருக்கும் என்கிறது. பள்ளியில் நோயால் வகுப்புக்கு வராமல் இருந்தவர்கள் மொத்தம் 512 பேர். 200க்கு மேல் வித்தியாசம்! பதினான்கு புள்ளியும் கோட்டோடு ஒட்டி நிற்கும்போதே இவ்வளவு பெரிய ஓட்டை. எப்படி? அந்தப் பதினான்கு எண்களையும் கூட்டுங்கள்: 1,559. அதை 512ஆல் வகுத்தால் ஒரு பையன் சராசரியாக 3 நாள் படுக்கையில் இருந்திருக்கிறான். மாடலோ 740 பேரை 2.2 நாள் வீதம் படுக்க வைத்து ஏறக்குறைய அதே மொத்தத்தைக் காட்டிவிட்டது. படுக்கையில் இருப்பதும் தொற்றவைப்பதும் ஒன்று என்று நாம் எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. உடம்பு படுத்தும் முன்பே ஒருவன் பரப்பியிருக்கலாம், படுத்தபின் தனியாக இருப்பதால் பரப்பாமலும் இருக்கலாம், படுக்காமலேயே தொற்று வந்துபோனவர்களும் இருந்திருக்கலாம், முன்பே எதிர்ப்பு சக்தி இருந்தவர்களும் இருந்திருக்கலாம். இதில் எது என்று அந்த ஒற்றை வளைகோடு சொல்லாது.

ஆகவே வளைகோடு பொருந்தியதும், பொருத்துவதற்குப் பயன்படுத்தாத வேறொரு எண்ணை எடுத்து மாடலைச் சோதியுங்கள். மொத்தப் பாதிப்பு, ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு சக்தி இருந்தவர் விகிதம், ஒரு வீட்டுக்குள் எத்தனை பேருக்குப் பரவியது, ஏதாவது ஒன்று. கெர்மாக்கும் மெக்கெண்ட்ரிக்கும்கூட 1905 டிசம்பரிலிருந்து 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக்கால் இறந்தவர்களின் வார எண்ணிக்கை மேல் தங்கள் கோட்டை வரைந்து காட்டினார்கள், அழகாகப் பொருந்தியது. பிளேக் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக வருகிறது, எலியும் தெள்ளும் பருவத்தோடு ஏறி இறங்குகின்றன, அவர்கள் சமன்பாட்டில் எலியே கிடையாது. மணி போன்ற ஒரு வளைகோட்டை எத்தனையோ வேறுவேறு காரணங்கள் உண்டாக்க முடியும்.

இன்னொரு நடைமுறை விஷயம். பீட்டா, காமா இரண்டையும் ஏறுமுகத் தரவை மட்டும் வைத்துப் பொருத்த முயலாதீர்கள். ஏறும்போது தெரிவது அவற்றின் வித்தியாசம் மட்டும்தான். 1.66லிருந்து 0.45ஐக் கழித்தாலும் 1.21, 2.21லிருந்து 1ஐக் கழித்தாலும் 1.21, ஆனால் முதலாவதில் ஆர் நாட் 3.7, அடுத்ததில் 2.2. காமாவை மருத்துவத் தரப்பிலிருந்து, நோயாளிகளை நேரில் பின்தொடர்ந்த ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொண்டு, பீட்டாவை மட்டும் தரவிலிருந்து பிடியுங்கள்.

கட்டுப்பாட்டை ஓடவிடுவது

இப்போது 1,000 பேர் தாளுக்கே திரும்புவோம், நாள் படியோடு. பீட்டாவை ஒற்றைச் செல்லாக வைக்காமல் ஒரு பத்தியாக்குங்கள், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பீட்டா. 10 நாளுக்கு மட்டும் மக்கள் நெருக்கத்தைக் குறைத்து பீட்டாவை 0.5லிருந்து 0.3 ஆக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம், அதற்கு மேல் யாராலும் தாங்க முடியாது. எப்போது செய்வது?

3ஆம் நாளே தொடங்கி 13ஆம் நாள் விட்டால், நோய் 19லிருந்து 27 ஆக மெதுவாக ஏறி, விட்டதும் பழைய வேகத்தில் கிளம்பி, 28ஆம் நாள் 144ஐத் தொடும். ஒன்றும் செய்யாவிட்டால் 168. பத்து நாள் சிரமத்துக்குக் கிடைத்தது இவ்வளவுதான். 10ஆம் நாள் தொடங்கி 20ஆம் நாள் விட்டால்? நோய் 75லேயே நின்று 62க்கு இறங்கி, விட்டதும் திரும்ப ஏறி, அதே 28ஆம் நாள் 92ல் நிற்கும். உச்சம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. காரணம் மீதிப் பத்தியில் இருக்கிறது: 13ஆம் நாள் விடும்போது இன்னும் 907 பேர் தொற்றக்கூடியவர்கள், 20ஆம் நாள் விடும்போது 682 பேர்.

இதைப் படித்துவிட்டுத் தாமதமாகச் செய்வதே நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள், தயவுசெய்து. இந்த விடை நிற்பது சில கடுமையான நிபந்தனைகள் மேல்: 10 நாள்தான் முடியும், விட்டபின் வேறு எதுவுமே செய்யப்போவதில்லை, தடுப்பூசி வரப்போவதில்லை, இன்று எத்தனை பேருக்கு நோய் என்பது இன்றே துல்லியமாகத் தெரியும். கடைசி நிபந்தனை நிஜத்தில் ஒருபோதும் இருப்பதில்லை. எண்ணிக்கை ஒரு வாரம் தாமதமாக வந்தால், 10ஆம் நாள் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் 17ஆம் நாளாக இருக்கும், அப்போது ஏற்கெனவே 160 பேர் நோயில் இருப்பார்கள். அதையும் ஓடவிட்டுப் பாருங்கள். முன்கூட்டித் தொடங்கிய 10 நாளில் பரிசோதனையையும் தொடர்பு தேடலையும் தயார்செய்து, விட்டபின் பீட்டா 0.5க்குத் திரும்பாமல் 0.35ல் நின்றால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள், கதையே வேறு. எப்போது தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கு, விட்டபின் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லாமல் பதில் சொல்லவே முடியாது. அதைக் கண்ணால் பார்க்கவே இந்தப் பத்தி.

தடுப்பூசி போடுவது தாளில் மிகச் சுலபம். தொடக்கத்திலேயே ஆட்களை மீதியிலிருந்து விலகலுக்கு நகர்த்திவிடுங்கள். ஆர் நாட் 2 என்றால் 500 பேரை நகர்த்தியதும் நோய் ஏறவே ஏறாது. பொதுவாக 1 − 1 ÷ ஆர் நாட் என்ற பங்குக்கு எதிர்ப்பு சக்தி வேண்டும், தடுப்பூசி எல்லாரிடமும் பிடிக்காது என்பதால் அதை அதன் திறனால் வகுக்க வேண்டும். தட்டம்மையின் ஆர் நாட் 12 முதல் 18 வரை என்று சொல்லப்படுவது வழக்கம். 15 என்று வைத்தால் 93.3 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு சக்தி வேண்டும். ஒரு தவணைத் தடுப்பூசியின் திறன் சுமார் 93 சதவீதம். வகுத்துப் பாருங்கள், 100க்கு மேல் போகிறது. உலகத்தில் ஒருவர் விடாமல் ஒரு தவணை போட்டாலும் தொடரை அறுக்க முடியாது என்று அர்த்தம். இரண்டு தவணைக்குத் திறன் 97, அப்போது தேவை 96 சதவீதம். இரண்டாவது தவணையைச் சிலர் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள், இந்த வகுத்தலை அவர்களுக்குக் காட்டுங்கள்.

இங்கேயும் தாள் ஒன்றை மறைக்கிறது. எல்லாரும் எல்லாரோடும் சமமாகக் கலக்கிறார்கள் என்பது அதன் அனுமானம். 96 சதவீதம் பேர் போட்டிருந்து, போடாத 4 சதவீதமும் ஒரே இடத்தில் ஒன்றாகப் பழகினால், அந்த வட்டத்துக்குள் தட்டம்மைக்குத் தடையே இல்லை. இரண்டு குழுவுக்கு இரண்டு மீதி, இரண்டு நோய், இரண்டு விலகல் என்று பத்திகளை இரட்டிப்பாக்கி, பீட்டாவை நான்கு எண்களாக, தனக்குள் ஒன்று, எதிர்க் குழுவோடு ஒன்று என்று பிரித்தால் இதைப் பார்த்துவிடலாம். வயது வாரியாக, வேலை வாரியாகப் பிரிப்பதும் இதே முறைதான்.

முழு ஆட்களாக ஓடவிடுவது

நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது சராசரிக் கணக்கு போதும். ஒருவர், இருவர் என்று இருக்கும்போது தற்செயல்தான் ஆளும். எக்செலில் பைனாம்.இன்வ் (BINOM.INV) என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. புதுத் தொற்றுக்கு அதில் ஆட்கள் எண்ணிக்கையாக மீதியையும், வாய்ப்பாக 1 − எக்ஸ்ப்(−பீட்டா × நோய் ÷ மொத்தம்) என்பதையும், மூன்றாவதாக ரேண்ட் (0க்கும் 1க்கும் நடுவே ஒரு தற்செயல் எண்) என்பதையும் கொடுங்கள். விலகலுக்கு ஆட்கள் நோய், வாய்ப்பு 1 − எக்ஸ்ப்(−காமா). நோய் 0 ஆகிவிட்டால் 0 என்று ஒரு இஃப் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் பிழைச் செய்தி வரலாம். ஒரே ஒரு நோயாளியோடு தொடங்கி எஃப்9 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் புது உலகம்.

ஆர் நாட் 2 இருந்தும் பாதிக்குக் கொஞ்சம் முன்பின்னாக நோய் பரவாமலே தானாக அணைந்துவிடும். கொள்கையளவில் ஒரு நோயாளியிடமிருந்து வரும் தொடர் அணைய வாய்ப்பு 1 ÷ ஆர் நாட். மூன்று பேர் வந்து இறங்கினால் அதை மூன்று முறை பெருக்க வேண்டும், 2க்கு எட்டில் ஒன்று. சிலர் மட்டும் ஏராளமானவர்களுக்குக் கொடுத்து மற்றவர்கள் யாருக்குமே கொடுக்காத நோய்களில் இது இன்னும் அதிகம். 2003ல் பரவிய சார்ஸ் அப்படித்தான். அந்தச் சமமின்மையை அளக்கும் கே என்ற எண் அதற்கு 0.16 பக்கம் என்று கணித்திருக்கிறார்கள். ஆர் நாட் 3ஐ அந்தக் கே மதிப்போடு போட்டால் அணையும் வாய்ப்பு 76 சதவீதம், கே 1 என்றால் 33 சதவீதம்தான். ஓர் இடத்தில் நோய் வந்து பரவாமல் போனால் அங்கே எல்லாம் சரியாகச் செய்தார்கள் என்றும், பக்கத்தில் பரவினால் அங்கே தப்புச் செய்தார்கள் என்றும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். எஃப்9ஐ ஐம்பது முறை தட்டியவர்களுக்கு அந்த அவசரம் வராது.

வெளியே காட்டும் முன்

தினசரி எண்ணிக்கையை வைத்து வேலை செய்தால் கடைசி சில நாட்களை நம்பாதீர்கள். பரிசோதனை முடிவு வரத் தாமதம், பதிவாகத் தாமதம், அதனால் இன்றைய தேதிக்கான எண்ணிக்கை இன்னும் முழுதாக வந்து சேர்ந்திருக்காது, வளைகோட்டின் வால் எப்போதுமே இறங்குவது போலத் தெரியும். பழைய தேதிகளுக்கான எண்கள் ஒவ்வொரு நாளும் எவ்வளவு திருத்தப்பட்டன என்று சேமித்துவைத்துப் பார்த்தால் எத்தனை நாளை வெட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். பத்தில் மூன்று நோயாளிதான் கணக்கில் வருகிறார் என்றால்கூட அந்த மூன்று நிலையாக இருக்கும்வரை வளர்ச்சி வேகம் சரியாகவே வரும். பரிசோதனை திடீரென்று கூடினாலோ குறைந்தாலோதான் ஏமாற்றும்.

அப்புறம், எதைச் சொல்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். 2014 செப்டம்பரில் எபோலா பரவிக்கொண்டிருந்தபோது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி ஒரு கணக்கை வெளியிட்டது. கூடுதல் நடவடிக்கையோ மக்கள் நடத்தையில் மாற்றமோ இல்லாவிட்டால் லைபீரியா, சியரா லியோன் இரண்டிலும் 2015 ஜனவரி 20க்குள் 5,50,000 பேர், பதிவாகாதவர்களையும் சேர்த்தால் 14 லட்சம் பேர். கடைசியில் அந்தப் பரவல் முழுவதிலும் பதிவானவர்கள் சுமார் 28,600. கணிப்பு படுதோல்வி என்று இன்றும் எழுதுகிறார்கள். அதே அறிக்கை, 70 சதவீத நோயாளிகளைச் சிகிச்சை மையங்களிலோ பரவல் குறைந்த சூழலிலோ வைத்துக் கவனித்தால் பரவல் அடங்கிவிடும் என்றும் சொன்னது, அந்தப் பக்கம்தான் யாருக்கும் நினைவில் இல்லை. 14 லட்சம் என்பது 'இப்படியே விட்டால்' என்ற ஓட்டத்தின் விடை.

அதனால் ஒற்றைக் கோட்டோடு எதையும் அனுப்பாதீர்கள். குறைந்தது மூன்று ஓட்டம்: இப்படியே விட்டால், இன்னதைச் செய்தால், அதைப் பாதி மட்டுமே செய்ய முடிந்தால். ஒவ்வொன்றையும் காமாவின் நம்பத்தகுந்த கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும், ஒவ்வொரு முறையும் தரவின் வளர்ச்சி வேகம் மாறாமல் இருக்கும்படி பீட்டாவைச் சரிசெய்து, ஓட்டி, கோட்டுக்குப் பதில் பட்டையாகக் காட்டுங்கள். பட்டை அசிங்கமாக அகலமாக இருக்கும், இருக்கட்டும். தாளின் முதல் பக்கத்தில் பீட்டா எங்கிருந்து வந்தது, காமா எங்கிருந்து வந்தது, யார் யாரோடு கலப்பதாக எடுத்துக்கொண்டோம், எந்தத் தேதி வரையான தரவு என்று நாலு வரி எழுதுங்கள். வரைபடத்தைப் படமாக மட்டும் அனுப்பாமல் தாளையே கூட அனுப்புங்கள், வாங்குகிறவர் பீட்டா செல்லில் வேறு எண்ணைத் தட்டிப் பார்க்கட்டும்.